மதிப்பூதியம்: உள்ளாட்சியில் கூலியும் மனுவும்



நினைவுப் பேருரை என்றால் பெரிய தலைப்பை எதிர்பார்த்து வருவது வழக்கம். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஊராட்சி அலுவலகத்திலும் நகராட்சி அலுவலகத்திலும் அன்றாடம் நடக்கும் இரண்டு காரியங்கள். ஒன்று, வேலை செய்தவருக்குக் கூலி கொடுப்பது. மற்றொன்று, கேட்டு வந்தவருக்குப் பதில் சொல்வது. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்று காகிதத்தோடு நிற்பவரும், நாலு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று வெறுங்கையோடு நிற்பவரும் பெரும்பாலும் ஒரே தெருக்காரர்கள். பல நேரம் அவர்கள் ஒரே ஆள்தான்.

இரண்டையும் உள்ளாட்சி நிர்வாகம் தயவாக நடத்துகிறது. சட்டப்படி இரண்டும் நமக்கு வரவேண்டிய கடன். கடன் என்றால் அதற்குக் கணக்கு உண்டு, கெடு உண்டு, கொடுக்க மறுத்தால் காரணம் சொல்லும் பொறுப்பும் உண்டு. அந்தக் கணக்கை எங்கே, எப்படிக் கேட்பது என்பதை விளக்குவதே இந்த உரையின் நோக்கம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

பழைய கிராமத்தில் ஊர் ஊழியம் செய்தவர்களுக்குக் களத்துமேட்டில் நெல் அளந்தார்கள். மேரை என்று ஒரு பெயர். சுதந்திரம் என்று இன்னொரு பெயர். சுதந்திரம் என்றால் பரம்பரை உரிமை. பெயரில் உரிமை இருந்தது. ஆனால் அளந்த மரக்கால் மிராசுதாரர் கையில் இருந்தது. கும்பிட்டு நின்றவருக்கு ஒரு கை கூட விழும். நிமிர்ந்து நின்றவருக்குக் குறையும். அளக்கும் கருவி ஒருவர் கையிலும் வாங்கும் முந்தானை இன்னொருவர் கையிலும் இருக்கும்வரை, உரிமை என்ற பெயர் மட்டும் உதவாது.

இன்று மரக்கால் இல்லை. வங்கிக் கணக்கு இருக்கிறது. சொற்களும் மாறிவிட்டன. 'துப்புரவுப் பணியாளர்' 2020இல் 'தூய்மைப் பணியாளர்' ஆனார். கிராம ஊராட்சிகளில் வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்குபவருக்குத் 'தூய்மைக் காவலர்' என்று பெயர். ஆனால் அந்தக் காவலருக்குக் கிடைப்பதை அரசு ஊதியம் என்று எழுதுவதில்லை. 'மதிப்பூதியம்' என்று எழுதுகிறது.

மதிப்பூதியம் என்பது யாருக்குப் பொருந்தும்? வேறு பிழைப்பு உள்ள ஒருவர், கூட்டத்துக்கு வந்து போனதற்காகவோ தேர்வுத்தாள் திருத்தியதற்காகவோ பெறும் தொகைக்குப் பொருந்தும். விடியற்காலையில் தள்ளுவண்டியோ பேட்டரி வண்டியோ எடுத்து, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் கையால் பிரித்து, அதைக் கொண்டே குடும்பம் நடத்தும் பெண்ணுக்குப் பொருந்தாது. அந்தச் சொல் ஒரு வேலையைச் செய்கிறது. ஊதியம் என்று எழுதினால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கதவைத் தட்டும். மதிப்பூதியம் என்று எழுதினால் தட்டாது என்ற நம்பிக்கையில் அந்தச் சொல் காகிதத்தில் ஏறுகிறது. வேலையின் தன்மையைத்தான் சட்டம் பார்க்க வேண்டும், தொகைக்கு வைத்த பெயரை அல்ல. நம் முதல் வாதம் இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. தூய்மைக் காவலரின் மாதத் தொகை ரூ.3,600 ஆக இருந்து பிறகு ரூ.5,000 ஆனது. மாதம் 26 நாள் என்று வகுத்தால் நாளுக்கு ரூ.192. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி ரூ.336. அந்த விகிதத்தில் 26 நாளுக்கு ரூ.8,736 வருகிறது. அதே ஊராட்சியில் ஏரிக்கரையில் மண் வெட்டும் வேலைக்கு ஒரு மதிப்பு, ஊர்க் குப்பையை அள்ளும் வேலைக்கு அதைவிடக் கீழான மதிப்பு. நூறு நாள் கூலியே போதாது என்று போராடிவருகிறோம். அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது.

இதற்கு அலுவலகத்தில் கிடைக்கும் பதில், 'காலையில் சில மணி நேர வேலைதானே' என்பது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இதற்கு மறுமொழி வைத்திருந்தது. நாட்கணக்கில் கூலி நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளி முழு நேரத்துக்கும் குறைவாக வேலை செய்திருந்தாலும், அது அவர் வேலை செய்ய மறுத்ததால் நேர்ந்தது அல்ல என்றால், முழு நாள் கூலி பெற உரியவர். வேலையைக் குறைத்துக் கொடுத்தது முதலாளி என்றால் அதன் சுமை முதலாளிக்கே.

நியாயமான கூலிக்கு அளவுகோல் என்ன

'நியாயமான கூலி' என்பதை மனம்போல் சொல்லும் வார்த்தையாகவே பலரும் பயன்படுத்துகிறோம். ஆனால் இந்தியாவில் அதற்கு வகுக்கப்பட்ட பொருள் ஒன்று இருக்கிறது. அரசு அமைத்த நியாய ஊதியக் குழு மூன்று படிகளைப் பிரித்துச் சொன்னது. கீழ்ப்படி குறைந்தபட்ச ஊதியம்: உயிரைத் தாங்குவதோடு வேலைத்திறனையும் காத்து, கல்வி, மருத்துவத்துக்கும் கொஞ்சம் இடம் வைப்பது. மேல்படி வாழ்வூதியம்: கண்ணியமான வாழ்வுக்குப் போதுமானது, அரசமைப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு நாடச் சொல்வது. இரண்டுக்கும் நடுவில் நியாய ஊதியம். நடுப்படியில் நிற்கும்போது முதலாளியின் கொடுக்கும் சக்தியைக் கணக்கில் எடுக்கலாம். கீழ்ப்படியில் எடுக்கக் கூடாது. 1961இல் உன்னிச்சோயி வழக்கில் உச்ச நீதிமன்றமும் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது முதலாளியின் சக்தியைப் பார்க்க வேண்டியதில்லை என்றே சொன்னது.

'ஊராட்சியில் நிதி இல்லை' என்ற வாசகத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அது பல ஊர்களில் உண்மைதான். வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் சொற்பம். மாநில நிதிக் குழு மானியம் வந்தால்தான் மின்கட்டணமே கட்ட முடியும் என்ற ஊராட்சிகள் நிறைய. ஆனால் அந்த உண்மை ஊராட்சிக்கும் அரசுக்கும் இடையில் பேச வேண்டியது. குப்பை அள்ளுபவரின் வயிற்றில் அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டச் சட்டம் இடம் தரவில்லை.

கீழ்ப்படியை எப்படி அளப்பது என்பதற்கு 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு வாய்பாடு கொடுத்தது. ஒரு சம்பாதிப்பவர், மூன்று நுகர்வு அலகு கொண்ட குடும்பம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. ஆளுக்கு ஆண்டுக்கு 18 கெஜம் துணி, நால்வர் குடும்பத்துக்கு 72 கெஜம். வாடகை. விறகு, விளக்கு முதலான செலவுகளுக்கு மொத்தத்தில் 20 விழுக்காடு. 1991இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் குழந்தைகளின் கல்வி, மருத்துவம், திருவிழா, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக இன்னும் 25 விழுக்காட்டைச் சேர்த்தது.

சமூகவியல் மாணவர்கள் இந்த வாய்பாட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மூன்று அலகு எப்படி வருகிறது? சம்பாதிக்கும் ஆண் 1, மனைவி 0.8, இரண்டு குழந்தைகள் தலைக்கு 0.6. சம்பாதிப்பவர் ஆண் என்பது இதன் அடிநிலைக் கருத்து. நம் ஊர்களில் துடைப்பம் பிடிப்பவர்களில் பெண்களே மிகுதி. கணவரை இழந்தவர்களும் கணவரால் கைவிடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. முதியோருக்கு இதில் அலகே இல்லை. சேரியில் மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருப்பது இந்தக் கணக்கில் விழவில்லை. அழுக்கில் கை வைப்பதால் வரும் தோல் நோய்க்கும் மூச்சிரைப்புக்கும் தனியாக ஒரு வரி இல்லை. ஆகவே இந்த வாய்பாடு போதுமானது என்று சொல்ல வரவில்லை. ஆனால் போதாத இந்த வாய்பாட்டைக்கூட ரூ.5,000 எட்டவில்லை என்பதை எந்த மாணவரும் ஒரு மாலை நேரத்தில் மளிகைக் கடை விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டலாம்.

குறைந்தபட்சத்துக்கும் கீழே வேலை வாங்குவதற்கு அரசமைப்புச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இலும், ராஜஸ்தான் வறட்சி நிவாரண வேலை பற்றிய சஞ்சித் ராய் வழக்கில் 1983இலும் உச்ச நீதிமன்றம் அதை 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றே சொன்னது. இரண்டாம் வழக்கில் வேலை கொடுத்தது அரசு. நிவாரணமாகக் கொடுத்த வேலைதானே, கூலி குறைந்தால் என்ன என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இந்தச் சட்டத்தின் வரலாற்றில் நம் பங்கும் உண்டு. குறைந்தபட்ச ஊதிய மசோதாவை 1946 ஏப்ரல் 11 அன்று மத்தியச் சட்டமன்றத்தில் முன்வைத்தவர், அன்று தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கர். 1948இல் அது சட்டமானபோது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் ஜெகஜீவன் ராம். அதன் அட்டவணையில் உள்ளாட்சி அமைப்பின் கீழ்ச் செய்யும் வேலையும் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 2017இல் வந்த அரசாணை 62 உள்ளாட்சித் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயித்தது. அதை நடைமுறைப்படுத்தக் கோரித் தொழிற்சங்கங்கள் இன்றும் போராடுகின்றன.

யார் முதலாளி

சட்டம் இருந்தும் கூலி ஏன் வரவில்லை? யாரிடம் கேட்பது என்பதே மங்கலாக இருப்பது முக்கியக் காரணம். தலைவரிடம் போனால், 'தொகையைத் தீர்மானிப்பது கவர்மெண்ட், நான் என்ன செய்ய' என்பார். பிடிஓ ஆபீசுக்குப் போனால், 'உங்களுக்கு வேலை கொடுத்தது ஊராட்சி, அங்கே கேளுங்க' என்பார்கள். நகரங்களில் இடையில் ஒப்பந்தக்காரரும் வந்துவிடுகிறார். மேஸ்திரி அவரைக் காட்டுவார், அவர் மாநகராட்சியிலிருந்து பில் வரவில்லை என்பார். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இந்த ஓட்டத்தை எதிர்பார்த்தே, ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் கொடுத்தே ஆக வேண்டும் என்று எழுதியது.

கிராம ஊராட்சியில் இன்னொரு முடிச்சும் உண்டு. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும். தனித்தொகுதியில் தலித் தலைவரும், ஆதிக்க சாதியைச் சேர்ந்த துணைத் தலைவரும் இருக்கும் ஊரில், கையெழுத்துப் போட மறுப்பது ஓர் ஆயுதம். குழாய் பழுது பார்த்த பில்லும் டேங்க் ஆபரேட்டர் சம்பளமும் தேங்கும். 'இவங்களுக்கு நிர்வாகம் தெரியல' என்ற பேச்சு பரவும். தலித் தலைவரைச் செயல்படவிடாமல் தடுப்பது 2016 முதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். கையெழுத்து மறுப்பையும் அந்த வெளிச்சத்தில் பதிவு செய்யப் பழக வேண்டும்.

சென்னையில் 2025 ஆகஸ்டில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் அமர்ந்தார்கள். பல ஆண்டுகளாக மாநகராட்சிக்கு உழைத்தவர்கள், இனித் தனியாரிடம் குறைந்த சம்பளத்துக்குப் புதிதாகச் சேர வேண்டும் என்றார்கள். உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு காலை உணவு, காப்பீடு, வீடு, பிள்ளைகளுக்கு உயர்கல்வி உதவி என்று திட்டங்களை அறிவித்தது. அவற்றை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது வேலைப் பாதுகாப்பும் ஊதியமும். கூலி கேட்டவருக்குச் சோறு போடுவது களத்துமேட்டுக்கு நன்கு பழக்கமான பதில்.

மனு போகும் பாதை

இனி மனுவுக்கு வருவோம். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைப் பட்டியலிடுகிறது: சாலை, தெருவிளக்கு, வடிகால், தெருச் சுத்தம், பொதுக் கழிப்பிடம், இடுகாடு சுடுகாடு, குடிநீர். விருப்பம்போல் செய்யக்கூடியவை 111ஆம் பிரிவில் தனியாக இருக்கின்றன. ஆகவே காலனித் தெருவுக்கு விளக்குக் கேட்பவர் உதவி கேட்கவில்லை. 110ஆம் பிரிவின்படி நிலுவையில் உள்ள கடமையை நினைவூட்டுகிறார்.

நடைமுறையில் அந்தக் காகிதம் எப்படிப் போகிறது? முதலில் வாய்மொழியாகத் தலைவரிடமும் கிளார்க்கிடமும் சொல்லப்படும். பலனில்லாதபோது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போகும். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். மனுவுக்கு எண் கிடைக்கும். அங்கிருந்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு வரும்; அங்கிருந்து ஊராட்சிச் செயலரிடமே திரும்பும். யார் செய்யவில்லை என்று மனு கொடுத்தோமோ அவரே அறிக்கை எழுதுவார். 'நிதி ஆதாரம் கிடைத்தவுடன் பரிசீலிக்கப்படும்' என்பது அறிக்கை. கணினியில் மனு முடிக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். தெரு இருட்டாகவே இருக்கும்.

முடிக்கப்பட்ட மனுவுக்கும் தீர்ந்த குறைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியில்தான் சாதி சத்தமில்லாமல் வேலை செய்கிறது. ஊர்த் தெருவில் விளக்கு அணைந்தால் யாரும் மனு எழுதுவதில்லை. கிளார்க்குக்கு ஒரு போன் போதும். அதே கோரிக்கை காலனியிலிருந்து வரும்போது மனுவாகி, எண்ணாகி, அறிக்கையாகிறது. 'மறுத்தோம்' என்று எவரும் எழுதுவதில்லை. வரிசையில் பின்னால் வைப்பதே மறுப்பு. தெருவாரியாக மனுப் பதிவேட்டை எடுத்து, எந்தத் தெருவின் மனு எத்தனை நாளில் தீர்ந்தது என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். ஆய்வு மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி வேறு இல்லை.

மனு கொடுப்பது ஆபத்தில்லாத வேலை என்றும் எண்ண வேண்டாம். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் எரிக்கப்பட்ட வீடுகளுக்கான இழப்பீடு குறித்து மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில்தான் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996இலிருந்து பத்தாண்டுகள், 2006 வரை, தலித் தலைவர் நிலைத்து நிர்வாகம் நடத்தவே விடவில்லை. கிராமத்திடம் அதிகாரத்தைக் கொடுக்கும்போது ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று 1932இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் வாதிட்டது வெறும் ஐயம் இல்லை என்பதை இந்த ஊர்கள் காட்டின.

இன்றைய அச்சம் பெரும்பாலும் சிறிய அளவில் வருகிறது. காலனிக்குத் தண்ணீர் கேட்டு மனுவில் கையெழுத்திட்ட தூய்மைக் காவலருக்கு, 'நாளையிலிருந்து நீ வர வேண்டாம்' என்று ஒரு வாய்ச்சொல் போதும். நிரந்தர வேலை இல்லாதபோது அவருடைய கூலி, அவர் வாயை மூடும் கயிறாகவும் ஆகிறது. கூலிப் போராட்டத்தையும் மனுப் போராட்டத்தையும் தனித்தனியாக நடத்த முடியாது என்று நாம் சொல்வது இதனால்தான்.

செய்யக்கூடியவை

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். அதில் ஒன்று மே 1, உழைப்பாளர் நாள். அன்றைக்கு நாற்காலி போட்டுக் குப்பை கூட்டுபவர் அதே ஊராட்சியின் தொழிலாளி. அவர் சம்பளம் அந்தக் கூட்டத்தின் பொருளாக இருப்பதில்லை. ஊராட்சியில் வேலை செய்யும் ஒவ்வொருவரின் மாதத் தொகையும், எத்தனை மாதம் நிலுவை என்பதும் அன்று படிக்கப்பட வேண்டும், தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும் என்று கேட்போம். தீர்மானம் உடனே பணமாகாது. ஆனால் 'எங்களுக்குத் தெரியாது' என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

தகவல் உரிமைச் சட்டம் 2005இன் பிரிவு 4, நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. 'பரிசீலிக்கப்படும்' என்பது காரணம் இல்லை. எந்த நிதியில், எந்த வரிசை எண்ணில், ஏன் இந்தத் தெரு பின்னால் என்று 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. தனி ஆளாகக் கேட்க வேண்டாம். வேலையில் இருப்பவர் பெயரில் கேட்கவே வேண்டாம். வெளியூர் மாணவரோ இயக்கத் தோழரோ கேட்கட்டும்.

சேவை பெறும் உரிமைச் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010இலும், கர்நாடகம் 2011இலும், கேரளம் 2012இலும் இயற்றின. சான்றிதழ் முதலான அறிவிக்கப்பட்ட சேவைகளுக்கு நாள் கெடுவும், தவறிய அலுவலருக்கு அபராதமும் அவற்றில் உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் கோரிக்கையை நாம் எழுப்பும்போது, சான்றிதழோடு நிற்காமல் 110ஆம் பிரிவின் கடமைகளையும் அதில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

ஊதியக் குறைவுக்குத் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் கோரிக்கை மனுப் போடலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு ஆறு மாதக் கெடு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட ஊதியச் சட்டத்தொகுப்பில் அது மூன்று ஆண்டு. குறைந்த தொகையோடு பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் இடம் உண்டு. தொழிலாளர் சட்டத்தொகுப்புகளின்மீது நமக்குப் பல எதிர்ப்புகள் இருக்கின்றன. அதற்காக அதில் கிடைக்கும் இந்த ஒரு பிடியை விட்டுவிட வேண்டியதில்லை. இதற்கு முதல் தேவை சான்று. வருகைப் பதிவேட்டின் படம், வங்கிப் புத்தகப் பக்கம், வேலைக்குப் போன நாட்களை எழுதிய ஒரு பள்ளி நோட்டு. எழுதத் தெரியாத அக்காவுக்கு அந்த நோட்டை எழுதிக் கொடுப்பது காலனியில் பத்தாவது படிக்கும் பிள்ளையால் முடியும்.

இலக்கிய அமைப்பின் மேடையில் பதிவேடும் பிரிவு எண்ணும் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலைச் சுந்தர ராமசாமி தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆலப்புழை நகராட்சியில் மலம் அள்ளிய தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தின் கதை அது. நகரசபையின் கூலிக் கணக்கு எப்படி ஒரு மனிதனின் ஆசையையும் அச்சத்தையும் வளைக்கிறது என்பதை அந்த நாவல் அறிந்திருந்தது. நம் எழுத்திலும் அந்தக் கணக்கு வர வேண்டும். சேரியின் துயரத்தைப் போலவே அந்தத் துயரத்தில் கையெழுத்திட்ட பதிவேடும் இலக்கியத்துக்கு உரியதுதான்.

அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் தத்தம் ஊராட்சியில் அல்லது வார்டில் இரண்டு விவரங்களை எழுதி எடுத்து வாருங்கள்: குப்பை அள்ளுபவருக்குக் கடைசியாகச் சம்பளம் வந்த தேதி எது, எவ்வளவு, காலனி கொடுத்த கடைசி மனு எது, அதற்கு வந்த பதில் என்ன. அந்தக் காகிதங்களைத் தொகுத்து அச்சிடும் பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

ஜெய்பீம்.